மா வண்டின் குடலுக்குள் குடியிருப்பவர் யார்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய நுணுக்குக்காட்டி இருக்கிறது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கரப்பான், மா வண்டு, நுளம்புக் குடம்பி என்று அகப்பட்டதை வெட்டி அதன் குடலுக்குள் யார் இருக்கிறார் என்று பார்ப்பது பழக்கம். இது ஒழுங்கை முழுக்கத் தெரியும். அதனால் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாமார், ஒருநாள் தண்ணீர் மீற்றர் பார்க்க வந்த தம்பி என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தொண்டை வரண்டுபோனதில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் கேட்ட பாணியிலேயே இருக்கின்றன.

ரீச்சர், மா வண்டுக்குள் அப்படி என்னதான் இருக்கு?

இடியப்பத்துக்கு அவித்து வைத்த மாவை இரண்டு மாதம் மறந்துபோனால் செம்பழுப்பு நிறத்தில் சின்ன வண்டுகள் ஓடுமே, ட்ரைபோலியம் காஸ்ட்டேனியம் என்பது அதன் பெயர். அதன் குடலை ஒரு துளி உப்புத் தண்ணீரில் பிரித்து, மேலே மூடுசில்லு வைத்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அரிசிக் குறுணல் போல, இரண்டு பாகமாகப் பிரிந்த உடம்போடு ஏதோ ஒன்று மெதுவாக வழுக்கிக்கொண்டு போகும். காலும் இல்லை, பிசிரும் இல்லை, சவுக்கு முளையும் இல்லை, ஆனாலும் நகரும். பல நேரம் இரண்டு பேர் ரெயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்று கொளுவிக்கொண்டு திரிவார்கள். முழு உடம்பும் ஒரே ஒரு கலம். கிரெகரீன் என்ற கூட்டம் இது, மா வண்டில் இருக்கிறவரின் பெயர் கிரெகரீனா மினூட்டா. மலேரியா ஒட்டுண்ணிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் சாது.

அதே வண்டில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கொழுப்பிழையத்துக்குள் வாழும் ஃபாரினோசிஸ்டிஸ், நொசீமா வைட்டை என்ற நுண்வித்தி உயிர் (மைக்ரோஸ்போரிடியா), அடலீனா என்று இன்னொன்று. கடுகளவு வண்டு, அதற்குள் இத்தனை வாடகைக்காரர்! முதல் ஐந்தாறு வண்டில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம், அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டு பயனில்லை.

‘விருந்துவழங்கித் தனித்துவம்’ என்று பாடத்தில் வருகிறதே, அதை எளிதாகச் சொல்ல முடியாதா?

ஒட்டுண்ணிக்கு வீடு கொடுக்கும் விலங்குதான் விருந்துவழங்கி. ஒரு ஒட்டுண்ணி எத்தனை இன விலங்குகளில் குடியிருக்கும் என்பதுதான் அதன் தனித்துவம். ஒரே ஓர் இனத்தில் மட்டும் வாழ்ந்தால் தனித்துவம் அதிகம், நூறு இனத்தில் வாழ்ந்தால் குறைவு. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

எனக்கு இது போதாது. ஏனென்றால் ‘வாழும்’ என்ற அந்தச் சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்தப் பூச்சிக்குள் அதால் நுழைய முடியுமா? நுழைந்தால் வளர்ந்து, பெருகி, அடுத்த தலைமுறையை வெளியே அனுப்ப முடியுமா? இரண்டும் முடிந்தாலும் வெளியுலகில் இந்த இரண்டு பேரும் எப்போதாவது சந்திக்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு வேறாக வரும். புத்தகத்தில் ‘இன்ன பூச்சியில் இன்ன ஒட்டுண்ணி’ என்று ஒரு வரியில் போட்டிருப்பதைப் படிக்கும்போது, இந்த மூன்றில் எதைப் பார்த்துவிட்டு எழுதினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களிலும் நான் இதையேதான் பிடித்துக்கொண்டு நிற்பேன், அலுத்தால் தாண்டிப் போங்கள்.

தன் பூச்சி எது என்று அதுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. தேடிப் போவதும் இல்லை. கிரெகரீனை எடுத்தால், அது பூச்சியின் எச்சத்தோடு உறைகட்டி வெளியே வந்து மாவுக்குள்ளோ மண்ணிலோ சும்மா கிடக்கும். யார் வேண்டுமானாலும் அதைத் தின்னலாம். வண்டும் தின்னும், எறும்பும் தின்னும், மாவை அரிக்காமல் பிட்டு அவித்தால் நீங்களும் தின்பீர்கள். தின்ற பிறகுதான் சோதனை தொடங்குகிறது.

முதலில் உறை திறக்க வேண்டும், அதற்குச் சரியான குடற்சாறு வேண்டும். சாறு பொருந்தாவிட்டால் உறை பூட்டியபடியே மறுபக்கத்தால் வெளியே போய்விடும். திறந்து வெளியே வந்தவர் குடற்சுவரைப் பிடிக்க வேண்டும். கிரெகரீன்களுக்கு முன்முனையில் ஒரு பிடிமுனை உண்டு, சிலதில் குமிழ், சிலதில் கொக்கி, சிலதில் நூல்நூலாக. அந்தச் சுவரில் அது பிடிபட வேண்டும். பிடித்தாலும் பூச்சி சும்மா இருக்காது. உடற்குழிக்குள் இறங்குகிற ஒட்டுண்ணி என்றால் குருதிக்கலங்கள் சூழ்ந்து கறுப்பு நிறப்பொருளால் பூசி மூச்சடைக்க வைத்துவிடும். அதையும் தாண்டினால், பூச்சி தோல் கழற்றும் முன், கூட்டுப்புழுவாகும் முன், சாகும் முன் வேலையை முடித்து வெளியேற வேண்டும். ஒரு படி தவறினாலும் கதை சரி. இத்தனை படியையும் ஒரு பூச்சிக்கு ஏற்ற மாதிரி இலட்சக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கிக்கொண்டவர் இன்னொரு பூச்சியில் தடுமாறுவதில் ஆச்சரியம் என்ன?

1828இல் லெயோன் துஃபூர் என்ற பிரெஞ்சு மருத்துவர் கிரெகரீனா என்ற பெயரை வைத்தார். அன்றிலிருந்து 1600க்கு மேற்பட்ட கிரெகரீன் இனங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. பூச்சிகளின் தொகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, ஏனென்றால் பெரும்பாலான பூச்சிகளை யாரும் வெட்டிப் பார்த்ததே இல்லை.

புழுவில் இருப்பது வண்டிலும் இருக்கும்தானே? ஒரே பூச்சிதானே அது?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வளர்ப்புப் பறவைகளுக்குத் தீனியாகப் போடும் மஞ்சள் மாப்புழு, டெனிப்ரியோ மொலிட்டர், அதில் நான்கு கிரெகரீன்கள் உண்டு. கியூனியாட்டா, பொலிமோர்ஃபா, ஸ்டைனி ஆகிய மூன்றும் புழுவில் வாழ்கின்றன. நான்காவது நிஃபான்ட்ரோடஸ், அது வளர்ந்த வண்டில். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் குளொப்டன், ஜனோவி ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். புழுவின் ஒட்டுண்ணியை வண்டுக்கும் வண்டின் ஒட்டுண்ணியைப் புழுவுக்கும் ஊட்டிப் பார்த்தார்கள், ஒன்று மற்றதன் இடத்தில் சரிவரவில்லை.

யோசித்தால் நியாயம்தான். கூட்டுப்புழுவுக்குள் பழைய நடுக்குடல் உதிர்ந்து புதுக் குடல் கட்டப்படுகிறது. பெயர்ப்பலகை மட்டும்தான் பழையது, உள்ளே வீடு முழுக்க இடித்துக் கட்டியது. ஆக, தனித்துவம் என்பது இனத்தோடு நிற்பதில்லை, வயதையும் பார்க்கிறது. ‘டெனிப்ரியோவில் நான்கு கிரெகரீன்’ என்று பட்டியலில் ஒரு வரி எழுதினால் இந்த விசயமே மறைந்துபோகிறது.

இரண்டு பூச்சியில் ஒரே ஒட்டுண்ணி இருந்தால் இரண்டுக்கும் ஒரே பாதிப்பா?

இல்லை. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நம்ம மா வண்டேதான். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தோமஸ் பார்க் என்பவர் நம்ம காஸ்ட்டேனியத்தையும் அதன் ஒன்றுவிட்ட சகோதரமான கன்ஃபியூசத்தையும் ஒரே மாவில் போட்டு, கடைசியில் எது மிஞ்சுகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவுகள் 1948இல் வெளிவந்தன. அடலீனா ஒட்டுண்ணி இருந்த 74 சாடிகளில் 66இல் கன்ஃபியூசம் வென்றது. ஒட்டுண்ணி இல்லாத 18 சாடிகளில் 12இல் காஸ்ட்டேனியம் வென்றது. ஒட்டுண்ணி இரண்டுக்குள்ளும் போகிறது, ஆனால் ஒருவருக்குத் தடிமன், மற்றவருக்கு நெருப்புக்காய்ச்சல் மாதிரி. எத்தனை இனத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தால் இதை எப்படிப் பிடிப்பது? ஒரு ஒட்டுண்ணி, கண்ணுக்குத் தெரியாமல், எந்த வண்டு மாச்சாடியை ஆளும் என்று தீர்மானித்துவிட்டது.

டெங்கு நுளம்புக்குள்ளும் இப்படி ஏதாவது உண்டா? அதை வைத்து நுளம்பை ஒழிக்க முடியாதா?

2017இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு போட்டுத் தாக்கிய பிறகு இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. முதலில் ஒன்று: டெங்கு ஒரு வைரசு, தனிக்கல உயிர் அல்ல, அது வேறு கதை.

ஆனால் டெங்கு நுளம்பான ஈடிஸ் ஈஜிப்டியின் குடம்பிக்குள் ஒரு கிரெகரீன் உண்டு, அஸ்கோகிரெகரினா குலிசிஸ். மலேரியாவோடு பெயர் ஒட்டிக்கொண்ட ரொனால்ட் ரொஸ் இருக்கிறாரே, அவர்தான் 1898இல் இதையும் விவரித்தவர். குடம்பி தண்ணீரில் உறையை விழுங்கும். உள்ளே இருப்பவர் குடற்கலங்களில் வளர்வார். நுளம்பு கூட்டுப்புழுவாகும் நேரம் பார்த்து மல்பீசியன் குழாய்களுக்குள், அதாவது பூச்சியின் கழிவகற்றும் குழாய்களுக்குள், இடம்பெயர்வார். பறக்கும் நுளம்பின் எச்சத்தோடு மறுபடி தண்ணீருக்குத் திரும்புவார். நேரக் கணக்கு அவ்வளவு துல்லியம். ஆசியப் புலி நுளம்புக்கு, அதாவது தோட்டத்து மூங்கில் பொந்திலும் டயருக்குள்ளும் பெருகும் ஈடிஸ் அல்பொபிக்டசுக்கு, வேறு ஆள், பெயர் டைவானென்சிஸ். ஆய்வுக்கூடத்தில் ஒருவருடைய ஒட்டுண்ணியை மற்றவருடைய குடம்பிக்கு ஊட்டலாம், உள்ளே போகவும் போகும், ஆனால் சொந்த வீட்டில் மாதிரி ஒழுங்காக வேலை முடிப்பதில்லை.

ஒழிக்க முடியுமா என்றால், குலிசிஸ் தன் நுளம்புக்குப் பெரிய கெடுதல் எதுவும் செய்வதில்லை. தன் வீட்டைத் தானே எரிக்கிறவர் அதிக காலம் வீட்டோடு இருக்க மாட்டாரே. கொல்லக்கூடியவர் வேண்டும் என்றால் எடசார்டியா ஈடிஸ் என்ற நுண்வித்தி உயிர் இருக்கிறது, அதை வைத்துப் பல பரிசோதனைகள் செய்திருக்கிறார்கள். அங்கே பாருங்கள், என் மூன்று கேள்வி மறுபடி வருகிறது. ஆய்வுக்கூடத்தில் வலுக்கட்டாயமாக ஊட்டினால் அது வேறு சில நுளம்பு இனங்களுக்குள்ளும் நுழைந்து வளரும். ஆனால் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குக் கடப்பது ஈஜிப்டியில்தான் நடந்தது. நுழைய முடிந்தவை பல, குடியிருக்க முடிந்தது ஒன்று. ஆய்வுக்கூட முடிவை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டிருந்தால் ‘பரந்த விருந்துவழங்கி வீச்சு’ என்று எழுதியிருப்பார்கள்.

இதைவிடக் கூத்து அம்பிளியோஸ்போரா என்பவருடையது. நுளம்புக்கு மட்டுமே உரியது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். நுளம்பிலிருந்து நுளம்புக்கு ஊட்டினால் மட்டும் பிடிக்கவே பிடிக்காது. 1985 வாக்கில்தான் விசயம் வெளித்தது: இடையில் அது தண்ணீரில் வாழும் கோப்பிபொட் என்ற சின்னக் கிரஸ்டேசியனுக்குள் ஒரு சுற்று போய்வர வேண்டும். யாரும் அங்கே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மலேரியாவை ஏன் எல்லா நுளம்பும் பரப்புவதில்லை?

எங்கள் அம்மம்மா ஆட்களுக்கு மலேரியா என்பது மாரிகாலத் தடிமன் மாதிரி வந்து போகிற ஒன்று. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் வயல் செய்தவர்களைக் கேட்டால் குயினைன் கசப்பை இப்போதும் முகத்தைச் சுளித்துச் சொல்வார்கள். ஒழிந்ததாக அறிவிக்கும் முன் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதனால் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தக நோய்.

நமக்கு நோயாளி மனிதன்தான் முக்கியம், ஆனால் உயிரியல்படி மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்தின் பிரதான விருந்துவழங்கி நுளம்பு. ஆணும் பெண்ணும் சேர்வது நுளம்பின் வயிற்றில்தான். மனித மலேரியாவுக்கு அனோபிலிஸ் மட்டுமே சரிவரும், கியூலெக்ஸ் சரிவராது. ரொஸ் இதில் மாட்டிக்கொண்டு இரண்டு வருடம் தட்டுத் தடுமாறினார்: மலேரியா நோயாளியின் இரத்தத்தைத் தவறான நுளம்புகளுக்குக் குடிக்கக் கொடுத்து அவற்றின் வயிற்றை வெட்டி வெட்டிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. 1897 ஓகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் ஒரு அனோபிலிஸை வெட்டியபோதுதான் வயிற்றுச் சுவரில் அந்தக் கலங்கள் தெரிந்தன. அடுத்த வருடம் கல்கத்தாவில் பறவை மலேரியாவை எடுத்தார், அங்கே கியூலெக்ஸ் கச்சிதமாகப் பொருந்தியது.

அனோபிலிஸ் என்றாலும் எல்லாம் அல்ல. உலகில் 400க்கு மேற்பட்ட அனோபிலிஸ் இனங்கள் இருக்கின்றன, மனித மலேரியாவைக் கடத்தக்கூடியவை சுமார் 70. நம் நாட்டில் முக்கிய குற்றவாளி அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ். 1934–35 கொள்ளைநோயில், மழை பொய்த்து ஆறுகள் வற்றி, ஆற்றுப் படுக்கையில் தேங்கிய சின்னச் சின்னக் குட்டைகளில் பெருகியது இதுதான். ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள்.

இங்கேதான் சுவாரசியம். கியூலிசிஃபேசிஸ் என்பது ஒரு இனமே அல்ல, கண்ணால் பார்த்தால் பிரித்தறிய முடியாத பல சகோதர இனங்களின் கூட்டம். இலங்கையில் பி, ஈ என்று இரண்டு இருப்பதாக 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டியது. (ஈ என்றால் எழுத்து, இலையான் இல்லை. ஒரு பிள்ளை பரீட்சையில் ‘மலேரியாவைப் பரப்புவது ஈ’ என்று எழுதி வைத்து, அதைப் பிழை போடுவதா சரி போடுவதா என்று எனக்கே குழப்பம்.) ஆண் நுளம்பின் வை நிறமூர்த்தத்தின் வடிவத்தை வைத்துத்தான் இரண்டையும் பிரித்தார்கள். மலேரியாவை நன்றாகக் கடத்துவது ஈ, பி அதைக் கடத்துவதில் மிகப் பலவீனம். அதற்கு முன்னால் இரண்டையும் ஒரே பெயரில் எண்ணியவர்கள், ஊருக்கு ஊர் ஏன் இந்த நுளம்பு மாறி மாறி நடக்கிறது என்று தலையைச் சொறிந்திருப்பார்கள். ஒட்டுண்ணிக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

நுளம்பு ஏன் சில ஒட்டுண்ணிகளை மறுக்கிறது என்பதும் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. மனித மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒன்றான ஃபல்சிபாரத்தின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு, அது நுளம்பின் நோயெதிர்ப்பு கண்டுபிடிக்காமல் ஒளிந்துகொள்ள உதவுகிறது. பூட்டும் சாவியும் போல, ஆபிரிக்க ஒட்டுண்ணியின் சாவி ஆபிரிக்க நுளம்புக்குப் பொருந்தும், மத்திய அமெரிக்க அனோபிலிஸ் அல்பிமானஸ் அதைக் கண்டுபிடித்துக் கொன்றுவிடும்.

மலேரியா போய்விட்டதே, பிறகு என்ன என்று நினைக்க வேண்டாம். நகரக் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி மன்னாரில் பதிவானதாக 2017இல் அறிவித்தார்கள், பிறகு யாழ்ப்பாணத்திலும். மலேரியாவை நன்றாகக் கடத்தும் நுளம்பு அது. விருந்துவழங்கி வந்துவிட்டது, ஒட்டுண்ணி மட்டும் இன்னும் திரும்பக் குடியேறவில்லை.

மணல் ஈயும் லீஷ்மேனியாவும்?

இதுவும் அதே ரகம், சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய கிழக்கில் பரவலாக உள்ள ஃபிளெபொட்டோமஸ் பப்பட்டாசி என்ற மணல் ஈயின் குடற்சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா ஒட்டுண்ணிகளில் ஒன்றான மேஜரின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைக் கிளைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். டொனோவானி என்ற இன்னொரு லீஷ்மேனியாவிடம் அந்தக் கிளைகள் இல்லை, அதனால் இரத்தம் சமித்ததும் எச்சத்தோடு அடித்துச் செல்லப்படும். நம் பக்கத்து மணல் ஈயான அர்ஜென்டிப்ஸ் இவ்வளவு கறார் இல்லை, ஆய்வுக்கூடத்தில் பல லீஷ்மேனியா இனங்களுக்கு இடம் கொடுக்கும். ஆனால் இங்கே அது சந்திப்பது டொனோவானியைத்தான். இந்தியாவில் கலா-அசார் என்ற உள்ளுறுப்பு நோயைக் கொடுக்கும் அதே டொனோவானி, இலங்கையில் பெரும்பாலும் தோலில் புண்ணாகத்தான் வருகிறது.

தேனீக்கும் இப்படி வருமா? அண்ணாவின் தேன்பெட்டி எல்லாம் காலியாகிறது.

பெட்டி காலியாவதற்கு எறும்பு, மெழுகு அந்து, பூ இல்லாத காலம் என்று பத்துக் காரணம் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். ஆனால் கதை சொல்லத்தான் வேண்டும். நாம் பெட்டியில் வளர்ப்பது ஆசியத் தேனீ, ஏபிஸ் செரானா. 1996இல் இந்தத் தேனீயிலிருந்து நொசீமா செரானே என்ற நுண்வித்தி உயிரை விவரித்தார்கள், ஆசியத் தேனீக்கு உரியது என்ற நினைப்பில். பத்து வருடத்துக்குள் பார்த்தால் தைவான், ஸ்பெயின் என்று தொடங்கி உலகம் முழுக்க ஐரோப்பியத் தேனீயில் அது! பிறகு பழைய மாதிரிகளைத் தோண்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1995இல் சேமித்த ஐரோப்பியத் தேனீக்களிலேயே இருந்திருக்கிறது. அதாவது பெயர் வைக்கும் முன்பே அது வேலியைத் தாண்டிவிட்டது. தாண்டுவதற்கு உதவியது யார்? பெட்டியோடு தேனீக்களைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோன மனிதர்கள். ‘நுழைய முடியுமா’ என்ற கேள்விக்கு எப்போதும் ஆம் என்றுதான் பதில் இருந்திருக்கிறது, சந்திக்காததால் தெரியவில்லை. இப்போது வைரிமோர்ஃபா என்று பெயரையும் மாற்றிவிட்டார்கள், பழைய புத்தகத்தில் தேடுபவர்கள் கவனம்.

நுண்வித்தி உயிர்கள் பொதுவாகவே கொஞ்சம் துணிந்த கட்டைகள். வித்திக்குள் சுருட்டி வைத்த ஒரு குழாயைப் பாய்ச்சி, ஊசி போடுவது போல அடுத்த கலத்துக்குள் தங்களைச் செலுத்திவிடும், பிடிமுனை தேடிக்கொண்டிருப்பதில்லை. வெட்டுக்கிளிகளைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1980இல் பதிவு செய்த நொசீமா லொக்கஸ்டே 100க்கு மேற்பட்ட வெட்டுக்கிளி, தத்துவெட்டி இனங்களைப் பிடிக்கும். கிரெகரீனைப் பார்த்துவிட்டு ‘பூச்சி ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரு வீட்டுக்காரர்’ என்று முடிவுகட்டியவர்களுக்கு இது நல்ல மருந்து.

கறையான் வயிற்றிலும் தனிக்கல உயிர்கள் இருக்குமாமே, எங்கள் வளவுப் புற்றை வெட்டினால் பார்க்கலாமா?

பார்க்க முடியாது, ஏமாந்து போவீர்கள், நான் ஏமாந்திருக்கிறேன். சவுக்கு முளை அடர்ந்த டிரைக்கோனிம்ஃபா போன்ற அழகிகள் வாழ்வது மரத்தைத் தின்னும் கீழ்நிலைக் கறையான்களில். நம்ம வரண்ட பக்கத்தில் பெரிய புற்றுக் கட்டுகிறவை வேறு கூட்டம். அவை புற்றுக்குள் பங்கசுத் தோட்டம் வளர்த்து அதைத் தின்கின்றன, மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கிற காளான் அந்தத் தோட்டத்துப் பயிர். அப்படிப்பட்ட தனிக்கல உயிர்கள் வேண்டுமென்றால் பழைய கதவு நிலையை உளுக்க வைக்கும் உலர்மரக் கறையானைத் தேடுங்கள், கீழே மணல் மாதிரி குறுணி கொட்டிக் கிடக்கும்.

அவை ஒட்டுண்ணியும் இல்லை. அவற்றை நீக்கிவிட்டால் மரத்தைத் தின்றுகொண்டே கறையான் பட்டினியால் சாகும், 1920களில் கிளீவ்லண்ட் இதைக் காட்டினார். ஆனாலும் தனித்துவம் பற்றிப் பேசும்போது இவை முக்கியம்: மூத்த கறையானின் பின்வாயிலிருந்து இளையது நக்கிக் குடித்துத்தான் இவை கடத்தப்படுகின்றன. வெளியே கிடந்து யாராவது தின்பார்களா என்று காத்திருப்பதே இல்லை. குடும்பச் சொத்து. அதனால்தான் இன்ன கறையானுக்கு இன்ன கூட்டம் என்று இவ்வளவு கறாராக நிற்கிறது. வேறு வீட்டை மறுப்பதைவிட, வேறு வீட்டைக் காண வாய்ப்பே கிடைக்காததும் ஒரு காரணம்.

அப்போ புத்தகத்தில் உள்ள பட்டியலை நம்பலாமா?

பாதி நம்பலாம். இலையான் குடலில் வாழும் ஹெர்பெட்டோமோனஸ், நுளம்பிலுள்ள கிரிதிடியா போன்ற டிரைபனோசோமக் குடும்பத்தவரை, அதாவது லீஷ்மேனியாவின் சொந்தக்காரரை, எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலமாக ‘ஒரு பூச்சிக்கு ஓர் ஒட்டுண்ணி’ என்பது எழுதாத சட்டம். புதுப் பூச்சியில் கண்டால் புது இனம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். பிறகு பட்டியலைப் பார்த்துவிட்டு ‘ஆகா, எவ்வளவு தனித்துவம்’ என்று வியப்பார்கள். நாமே பிரித்து வைத்துவிட்டு நாமே வியப்பது! டிஎன்ஏயைப் படிக்கத் தொடங்கிய பிறகு சட்டம் உடைந்தது: ஒரே ஒட்டுண்ணி வேறு வேறு குடும்பத்துப் பூச்சிகளில் அகப்பட்டது, அதேநேரம் வடிவத்தில் ஒன்றாகத் தெரிந்தவை உள்ளே வேறு வேறு ஆட்களாக இருந்தன. தேனீயிலும் இதுதான் நடந்தது. கிரிதிடியா மெலிஃபிக்கே என்று 1967இல் பெயர் வைத்து, தேனீயில் எதைக் கண்டாலும் அந்தப் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2015இல் பார்த்தால் அதில் பெரும்பகுதி லொட்மாரியா பசிம் என்ற வேறொருவர்.

இன்னொரு பொறி, வழிப்போக்கர்கள். இரை பிடித்து உறிஞ்சும் ஒரு பூச்சி இன்னொரு பூச்சியைக் குடித்திருந்தால், இரையின் ஒட்டுண்ணி இதன் குடலிலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். அந்த நேரம் பார்த்து வெட்டினால் ‘இதுவும் விருந்துவழங்கி’ என்று எழுதிவிடலாம். கோணேசர் கோயில் திருவிழா நாளில் பெரியகடைத் தெருவில் நின்று எண்ணினால் திருகோணமலையின் சனத்தொகை கிடைக்குமா?

என்னைக் கேட்டால், தனித்துவத்தில் கிரெகரீன் ஒரு முனை, நுண்வித்தி உயிர் நடுவில் அங்குமிங்கும், டிரைபனோசோமக் குடும்பம் ஆளுக்கு ஒரு மாதிரி. யாராவது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால் அவர் குறைந்த பூச்சிகளையே வெட்டியிருக்கிறார்.

வண்டு விழுந்த மாவைச் சாப்பிட்டால் எனக்குத் தொற்றுமா?

மா வண்டின் கிரெகரீன் உங்களுக்குள் ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம். பழைய மா சுவை கெட்டிருக்கும், அது வேறு. ஆனால் வயிற்றோட்டம் தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற மனித ஒட்டுண்ணி கிரெகரீன்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று மரபணு காட்டுகிறது, குடும்பத்தில் ஒருவர் வழிமாறிப் போவது வழக்கம்தானே. பூச்சிக்கு மட்டும் உரியவர் என்று நம்பிய லெப்டோமோனஸ் செய்மோரி இந்தியாவில் கலா-அசார் நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளில் டொனோவானியோடு சேர்ந்து அகப்பட்டதும் உண்டு.

இலையானும் கரப்பானும் வேறு விதத்தில் ஆபத்து. அமீபாவின் சிறைப்பையை அவை காலிலும் குடலிலும் சுமந்து வந்து சோற்றில் வைக்கும். அங்கே தனித்துவம் என்ற பேச்சே இல்லை, அவை வெறும் ஓட்டோ. சோற்றை மூடி வையுங்கள்.

நாங்களும் பார்க்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும்?

பூச்சி உயிரோடு இருக்க வேண்டும், செத்து இரண்டு மணி நேரமானால் உள்ளே இருப்பவரும் கரைந்துவிடுவார். 100 மில்லிலீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான உப்பு. வெறும் தண்ணீரில் போட்டால் கிரெகரீன் ஊதி வெடிக்கும். 100 மடங்கு உருப்பெருக்கம் தாராளம், பெரிய கிரெகரீன்களுக்கு 40 மடங்கே போதும். எங்கே, எப்போது, எதற்குள் பிடித்தீர்கள் என்று கடதாசியில் எழுதி வாருங்கள். வெட்டி ஒன்றும் இல்லாவிட்டால் அதையும் எழுத வேண்டும், எத்தனை வெட்டி எத்தனை காலி என்பது தெரியாமல் ‘இதில் இல்லை’ என்று சொல்ல முடியாது.

கரப்பானை மூடியுள்ள போத்தலில் கொண்டு வாருங்கள். போன மாதம் ஒருவன் சொப்பிங் பையில் ஏழு கொண்டுவந்தான். மூன்றை வெட்டினோம், இரண்டில் கிரெகரீன் இருந்தது. மிச்சம் நான்கும் இப்போது என் குசினியில்.